இந்த ஜூனா, அடுத்த ஜூனா?

எங்கள் தலைமுறையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்பதைக் காதுதான் முடிவு செய்தது. தலைமையாசிரியர் மேசைக்கு எதிரே நிற்க வைத்து, வலது கையை உச்சந்தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். விரல் தொட்டுவிட்டால் பெயர் பதிவேட்டில் ஏறும். தொடாவிட்டால் அப்பாவைப் பார்த்து, "அடுத்த வருஷம் அழைச்சிகிட்டு வாங்க" என்பார். ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் கையைத் தூக்கித் தொட்டுக் காட்டுவார்கள்.

இதை அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம். சின்னக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கை குட்டை. மூன்று வயதில் கை உச்சந்தலையோடு நின்றுவிடும். ஆறு வயதை ஒட்டித்தான் அது நீண்டு எதிர்ப்பக்கக் காதை எட்டும். பிறப்புச் சான்றிதழ் அபூர்வமாக இருந்த காலத்தில் அது வயதை ஏறக்குறைய சரியாகவே காட்டியது. ஜெர்மனியிலும் இதே சோதனை உண்டு. அங்கே அதற்குப் 'பிலிப்பைன்ஸ் அளவு' என்று பெயர்.

ஆனால் கையின் நீளம் தெரிந்ததே தவிர, அந்தப் பிள்ளை அம்மாவை விட்டு அரை நாள் இருக்குமா, வயிறு வலித்தால் வாய்விட்டுச் சொல்லுமா என்பது தெரியாது. நான் ஒன்றாம் வகுப்பு எடுத்த வருஷங்களில் ஜூன் மாதம் முழுவதும் எனக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டுக்கும் பதில்தான். அதைப் பற்றித்தான் இந்த அத்தியாயத்தில் அதிகம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் வயதுக் கணக்கை முடித்துவிடலாம்.

காகிதம் சொல்லும் வயது

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர, அந்த ஆண்டு ஜூலை 31 அன்று பிள்ளைக்கு 5 வயது முடிந்திருக்க வேண்டும். எல்.கே.ஜி.க்கு அதே தேதியில் 3 வயது. கேந்திரிய வித்யாலயாவில் கணக்கு வேறு: ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும். நெய்வேலியில் உள்ள அந்தப் பள்ளியை மனதில் வைத்திருப்பவர்கள், இந்த வித்தியாசத்தை எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் யூ.கே.ஜி. முடித்த பிள்ளை ஒரு வருஷம் நடுவில் நிற்கும்.

2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்கிறது. தமிழ்நாடு 5 வயதிலேயே நிற்கிறது. 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது இதுதான்: 5 வயது முடிந்ததும் சேர்க்கலாம், 6 முடிந்த பிறகு வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நடுவில் இருக்கும் அந்த ஓராண்டில் முடிவு பெற்றோர் கையில்.

எல்லைத் தேதி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 2021 ஜூலை 20 அன்று பிறந்த பிள்ளை 2026 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம். ஆகஸ்ட் 5 அன்று பிறந்த அடுத்த தெருப் பிள்ளை 2027 ஜூன் வரை காத்திருக்கும். ஜூலைப் பிள்ளை போகிற வகுப்பில், அதற்கு முந்தைய ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம். பெரியவர்களுக்கு ஒரு வயது பெரிதல்ல. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது அதுவரை வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ எல்லையாக வைத்திருக்கும் மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு, மூத்தவர்களான செப்டம்பர் பிள்ளைகளைவிட 34 சதவீதம் கூடுதலாகக் 'கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு' என்று மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். கோளாறு மாதம் பார்த்து வருவதில்லை. வயதில் சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக நடந்துகொண்டது, அதற்கு ஒரு நோயின் பெயர் கிடைத்தது. நம் பள்ளிகளில் மருத்துவப் பெயர் வைக்க மாட்டார்கள். 'மந்தம்', 'ஒரு இடத்துல உட்காராது' என்பார்கள். உங்கள் பிள்ளை மே, ஜூன், ஜூலையில் பிறந்ததா? ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள். இந்த மூன்று மாதப் பிள்ளைகளின் பெற்றோர்தான் தலைப்பில் உள்ள கேள்வியை உண்மையாகவே கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள்.

மே, ஜூன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊர்ப் பெரியவர்களில் பலருக்குச் சான்றிதழில் பிறந்த நாள் இந்த மாதங்களில்தான் இருக்கும். சேர்க்கைக்குத் தோதான ஒரு தேதியைத் தலைமையாசிரியரே போட்டுக்கொண்டார். இன்று அப்படி ஒரு தேதியைக் கேட்டு யாரிடமும் போய் நிற்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஆதார் வரை பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் வயதுக்கு ஆதாரம். அதில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்ற அளவிலேயே அந்தக் காகிதம் பீரோவில் கிடக்கும். பிறந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை; பிறகு தாமதக் கட்டணம் உண்டு. சான்றிதழ் இல்லை என்ற காரணத்துக்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம், சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைப்பதையும் தடை செய்கிறது. மூன்றரை வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து 'ஏ பி சி டி சொல்லு' என்று யாராவது கேட்டால், அதற்குப் பிள்ளை பதில் சொல்லாதது அதன் குறை அல்ல.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கையில் ஜனவரி 31-க்குள் 5 வயது நிறைந்தால் முதலாம் தரம். சிங்கப்பூரில் 7 வயது நிறைகிற ஆண்டில்தான் தொடக்கநிலை ஒன்று. அதே அரிச்சுவடியை யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஐந்தில் எடுக்கிறது, சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளை ஏழு வயதை நெருங்கி எடுக்கிறது. பின்லாந்திலும் 7 தான். ஆனால் அதற்கு முந்தைய ஒரு வருஷம் விளையாட்டோடு கூடிய முன்பள்ளி அங்கே கட்டாயம், பிள்ளை சும்மா வீட்டில் இருப்பதில்லை. நியூசிலாந்தில் 5 வயதில் வாசிக்கக் கற்றவர்களையும் 7 வயதில் கற்றவர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். பதினொரு வயது வாக்கில் வாசிப்பில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. 'எழுத்து தாமதமாகிறதே' என்று தூக்கம் கெடுகிற பெற்றோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எதைப் பார்க்க வேண்டும்

"அ முதல் ஃ வரைக்கும் சொல்லுவான் டீச்சர்" என்று பெருமையோடு பிள்ளையை முன்னால் தள்ளுவார்கள். அது ஞாபகசக்தி, நல்லதுதான். ஆனால் சேர்க்கும் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுத்து சொல்லித்தரத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. வகுப்பில் நாற்பது பிள்ளை இருந்தாலும் இருபது இருந்தாலும், ஆசிரியரால் செய்ய முடியாத சில காரியங்கள் உண்டு. அவற்றைப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முந்தியது ஒரு வாக்கியம்: "டீச்சர், ஒண்ணுக்கு வருது." இதைச் சொல்லத் தெரியாமல், சொல்லக் கூச்சப்பட்டு, அடக்கி அடக்கி, கடைசியில் பாவாடையை நனைத்துக்கொண்டு அழுத பிள்ளைகள் எத்தனையோ பேர். மறுநாள் பள்ளிக்கூடமே வேண்டாம் என்பார்கள். வீட்டில் 'ஸ்கூல் புடிக்கல போலிருக்கு' என்று நினைப்பார்கள். பிள்ளைக்குப் பிடிக்காமல் போனது அந்த ஈரமும் மற்றவர்கள் சிரித்ததும்தான். ஒவ்வொரு வீட்டிலும் இதற்குச் செல்லமாக ஒரு சொல் இருக்கும். மூச்சா, சூச்சூ என்று அம்மாவுக்கு மட்டும் புரிகிற சொல். சேர்ப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே எல்லோருக்கும் புரிகிற சொல்லுக்கு மாற்றுங்கள். தெரியாதவரிடம், பெரிய குரலில் கேட்கப் பழக்குங்கள். கடைக்காரரிடம் "ஒரு தீப்பெட்டி குடுங்க" என்று பிள்ளையையே கேட்கச் சொல்வதுகூட இதற்கான பயிற்சிதான்.

அதோடு சேர்ந்தது உடை. கொக்கியும் பட்டனும் வைத்த கால்சட்டையை அம்மா கழற்றிவிடுவார். பள்ளியில் யார் கழற்றுவார்? முதல் வருஷத்துக்கு இலாஸ்டிக் போதும். கழுவிக்கொள்ளவும் தெரிய வேண்டும். நாலு வயதில் சொல்லித்தர ஆரம்பித்தால் ஐந்தில் வந்துவிடும். தண்ணீர் பாட்டில் மூடியையும் சாப்பாட்டு டப்பாவையும் பிள்ளையின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். கடையில் உங்களுக்கு அழகாகத் தெரிவது அதன் விரலுக்குத் திறக்காது. டப்பா திறக்காததால் மதியம் சாப்பிடாமல் வந்த பிள்ளையை 'சரியா சாப்பிட மாட்டேங்குது' என்று திட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, பிரிந்து இருப்பது. அழாமல் இருப்பதைச் சொல்லவில்லை. முதல் வாரம் அழாத பிள்ளை குறைவு. அழுது, பிறகு அடங்கி, ஒரு மணி நேரத்தில் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பார்க்க ஆரம்பிக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆயா வீட்டிலோ, சித்தி வீட்டிலோ இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள். விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்; பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் நழுவிப் போகாதீர்கள். நழுவினால் அன்றைக்கு அழுகை மிச்சம், ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் அடுப்படிக்குப் போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வருகிறேன் என்று சொன்ன நேரத்தில் வந்து நில்லுங்கள். 'சாப்பாடு முடிஞ்சதும் வருவேன்' என்பது பிள்ளைக்குப் புரியும். 'பன்னெண்டு மணிக்கு' புரியாது.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகும்போது, கூட்டத்தோடு நம் குடும்பங்களும் போகும். அப்படிப் புறப்படும் முன் பிள்ளைக்கு அதன் முழுப் பெயரையும், அப்பா அம்மா பெயரையும், ஊரையும் சொல்லிக்கொடுப்பது பழைய வழக்கம். தொலைந்தால் யாரிடமாவது சொல்லட்டும் என்றுதான். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் 'பாப்பா', 'தம்பி' என்று மட்டும் கூப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள், வருகைப் பதிவேட்டில் தங்கள் பெயரைப் படிக்கும்போது வேறு யாரோ என்று உட்கார்ந்திருப்பார்கள்.

கை. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக வருஷக் கணக்கில் கெட்டிப்படுகின்றன. ஆறு, ஏழு வயதிலும் வேலை முழுதாக முடிந்திருக்காது. மூன்று வயதுப் பிள்ளையிடம் இரட்டைக் கோடு நோட்டைக் கொடுத்து ஒரு பக்கம் 'அ' எழுதச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. நம் 'அ' சுழித்து, வளைந்து, மீண்டும் சுழிகிற எழுத்து. பிள்ளைகள் பொதுவாக மூன்று வயதில் வட்டம் போடுவார்கள், நாலில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டிச் சதுரம், அதற்கும் பிறகு முக்கோணம். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க வைத்தால் விரல் வலிக்கும், பென்சில் மேல் வெறுப்பு வரும். கோடுகளால் ஆன ட, ப, ம முதலில் வருவது அதனால்தான் சுலபம். சதுரம் போடத் தெரிகிற பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குத் தயார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ஆனால் வட்டமே இன்னும் மூடாத பிள்ளையைப் பார்த்தால், ஜூலையில் பிறந்ததா என்று கேட்பேன்.

கதை கேட்பது, சொன்ன இரண்டு வேலையைச் செய்வது, தோற்றால் ஆட்டத்தைக் கலைக்காமல் இருப்பது இவையெல்லாமும் தேவைதான். ஆனால் இவற்றில் பாதி வகுப்புக்கு வந்த பிறகு மற்றப் பிள்ளைகளைப் பார்த்தே வந்துவிடும். இவற்றுக்காக ஒரு வருஷம் தள்ளிப்போட வேண்டாம்.

காதும் கண்ணும்

பழைய காதுச் சோதனைக்குப் பதிலாக வேறொரு காதுச் சோதனை செய்யுங்கள். டி.வி.யை நிறுத்திவிட்டு, பிள்ளைக்குப் பின்னால் நின்று, மெல்லிய குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வேறொரு நாள் மறுபக்கமிருந்து கூப்பிடுங்கள். திரும்பவில்லையென்றால், அடிக்கடி காதில் சீழ் வடிந்தால், 'சொன்னா கேக்காது' என்ற பட்டம் கட்டும் முன் மருத்துவரைப் பாருங்கள். கேட்காத காதோடு வந்த பிள்ளையை அடங்காத பிள்ளை என்று நினைத்து நானும் சில வாரங்கள் கடிந்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் மறக்கவில்லை.

2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வருகிறது. வருகிற நாளைப் பால்வாடி டீச்சரிடம் கேட்டுவைத்து, அன்று நீங்களும் போய் நில்லுங்கள். பேச்சு தெளிவாக வராத, நடை தடுமாறுகிற, கண்ணைப் பார்த்துப் பேசாத பிள்ளையை அந்தக் குழு மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் 'இன்னும் ஒரு வருஷம் வீட்டுலயே இருக்கட்டும்' என்ற யோசனை கேடு செய்கிறது. அவர்களுக்குப் பள்ளியும் மற்றப் பிள்ளைகளும் சீக்கிரம் வேண்டும். ஐந்து முடிந்து ஆறுக்குள் போட வேண்டிய முத்தடுப்பூசியின் இரண்டாவது ஊக்கத் தவணையையும் அதே நேரத்தில் முடித்துவிடுங்கள்.

மூன்று வயதில் என்ன செய்வது

காலை ஏழேகால் மணிக்குச் சாலையோரத்தில் நின்றால், கழுத்துப் பட்டை கட்டி, அரைத் தூக்கத்தில் வேனில் ஏறும் மூன்றரை வயதுப் பிள்ளைகளைப் பார்க்கலாம். விருத்தாசலத்துக்கோ காட்டுமன்னார்கோவிலுக்கோ போய்த் திரும்ப மாலையாகிவிடும். ஊர் ஊராக நின்று ஏற்றிப் போகும் வேனில் கழிகிற நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். காலையில் வெறும் வயிறு, மாலையில் வேனிலேயே தூக்கம். என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: மூன்று வயதில் பள்ளியின் பெயரைவிட அது வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் இருந்தால் அதுவே அந்த வயதுக்குச் சிறந்தது.

நம் ஊர்களில் அது பெரும்பாலும் பால்வாடிதான். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடியை நாம் இன்றும் அந்தப் பழைய பெயரில்தான் கூப்பிடுகிறோம். 'அங்க சோறு போடுவாங்க, தூங்க வைப்பாங்க, வேற என்ன' என்று பேசுகிறவர்களிடம் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்கச் சொல்வேன். பாட்டு, கதை, நிறம், உருவம், வரிசையில் நிற்பது, பங்கிட்டுக்கொள்வது. மூன்று வயதுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சாப்பாடும் முட்டையும் தூக்கமும் பாடத்தைவிடக் குறைந்தவை அல்ல. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. தொடங்கினார்கள். உங்கள் பக்கத்துப் பள்ளியில் அது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பால்வாடிக்கு இன்னொரு பயன் உண்டு. அம்மா முந்திரிக் காட்டுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகும் வீட்டில், சின்னதைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது அக்காவை நிறுத்திவிடுவார்கள். தம்பியைப் பால்வாடியில் விட்டால் அக்காவும் பள்ளிக்கு வருவாள். இதை நான் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன்.

தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் கிடைக்கும் என்றால் கதை கொஞ்சம் மாறும். அந்த இடங்கள் நுழைவு வகுப்புக்குத்தான், எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் எல்.கே.ஜி.க்கே விண்ணப்பிக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பள்ளி ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்க வேண்டும். அந்த ஒரு கிலோமீட்டர் விதியைப் பிள்ளைக்குச் செய்த உபகாரமாகவே நினைக்கிறேன். கிடைத்தால் சேருங்கள். ஆனால் எழுத்து வேலையும் வீட்டுப்பாடமும் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

எல்.கே.ஜி. போகாத பிள்ளையை அரசுப் பள்ளி ஒன்றாம் வகுப்பில் எடுத்துக்கொள்ளும், எதையும் கேட்காது. அதையும் மனதில் வையுங்கள்.

காத்திருக்கும் வருஷம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை பார்த்த ஓர் அப்பா, ஜூலையில் பிறந்த தன் மகளை அந்த ஜூனில் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, "பச்சைப் பொம்மைய நல்லா காய வச்சிதான் டீச்சர் சூளையில அடுக்கணும். உள்ள ஈரம் இருந்தா வெடிச்சிடும்" என்றார். தொழிலில் ஊறிய பேச்சு, எனக்குப் பிடித்திருந்தது. சரியென்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஜூனில் அந்தப் பெண் வந்தபோது வயது கூடியிருந்தது. கையும் பேச்சும் அப்படியேதான் இருந்தன. வருஷம் முழுக்கக் கைப்பேசிதான் துணை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: மண் பலகையில் வைத்தால் காற்றிலேயே காய்ந்துவிடும், பிள்ளை அப்படிச் சும்மா வைத்தால் பக்குவப்படாது. தள்ளிப்போடுவதென்றால் அந்த வருஷத்தில் என்ன நடக்கும் என்று முதலில் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஐந்து வயதிலேயே சேர்த்துவிடுங்கள். அரைகுறையாகத் தயாரான பிள்ளைக்கும் வகுப்பு வீட்டைவிட நல்லது.

அந்த அப்பாவிடமே பட்டறையிலிருந்து பிசைந்த மண் ஒரு உருண்டை கொண்டுவரச் சொன்னேன். நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த கொடை அது; வேறு ஊரில் காசு கொடுத்து வண்ணக் களி வாங்குகிறார்கள். உருண்டை பிடிக்க உள்ளங்கை, பாம்பு உருட்ட விரல்கள், அகலுக்குக் குழி வைக்கக் கட்டைவிரல், திரி முனை கிள்ள ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து. பென்சில் பிடிக்க வேண்டிய அதே மூன்று விரல்கள். ஈர மண் மட்டும் போதும். காய்ந்த மண்தூசியையும் பளபளப்புப் பூச்சுப் பொடியையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். மண் இல்லாத வீட்டில் முறுக்கு மாவு இருக்கும். பச்சைப் பட்டாணி உரிப்பது, பூ கோர்ப்பது, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலால் கோடு இழுப்பது எல்லாம் எழுத்துக்கு முந்தைய எழுத்துதான். மார்கழியில் அம்மா புள்ளி வைத்துக் கொடுத்தால் நாலு வயதுப் பிள்ளை கோட்டால் இணைக்கும். 1939-இல் அடையாறுக்கு வந்து தங்கிய மரியா மாண்டிசோரி, சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளை விரலால் தடவ வைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் ஓட்டியதும் ஏறக்குறைய அதுவே.

அந்த வருஷத்தில் பால்வாடியை நிறுத்தாதீர்கள். இரவில் ஒரு கதை, தினமும். எண்ணுவதற்கு வெளியே எங்கும் போக வேண்டாம். கோயில் குளத்தின் படிகளும் வாசலில் காயும் அகல் விளக்குகளும் போதும். 'ஸ்கூல்ல போட்டாத்தான் நீ அடங்குவ', 'டீச்சர்கிட்ட சொல்லி அடிக்கச் சொல்றேன்' என்று பயமுறுத்துகிற வாயை வீட்டில் யாராக இருந்தாலும் கட்டுங்கள், மாமியாராக இருந்தாலும். பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் சட்டம் தடை செய்கிறது. வீட்டில் காட்டிய பூச்சாண்டியோடுதான் அந்தப் பிள்ளை வகுப்புக்குள் வரும், அதைப் போக்க எனக்கு ஒரு மாதம் ஆகும்.

சேர்த்த பிறகு

முதல் இரண்டு வாரத்து அழுகையைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நடுவில் நாள் விட்டு நாள் வீட்டில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அது முதல் நாளாகிவிடும். ஆனால் மூன்று, நான்கு வாரம் கழித்தும் இரவில் அலறி எழுந்தால், படுக்கை நனைக்காத பிள்ளை நனைக்க ஆரம்பித்தால், மதியச் சாப்பாடு தினமும் திரும்பி வந்தால், பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எப்போது அழுகிறது, யார் பக்கத்தில், கழிப்பறைக்குப் போகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் சின்னதாக, கையால் தொட்டுக் காட்டக்கூடியதாக இருக்கும். வீட்டில் காலையில் சாப்பிடாத பிள்ளை என்றால், 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்து விட்டால் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும்.

ஜூனில் மனம் ஒப்பாமல் விட்டவர்களுக்கு விஜயதசமி இருக்கிறது. அன்று அரசுப் பள்ளிகளில் சேர்க்கை நடக்கும். ஐந்து முடிந்த பிள்ளை அந்த நான்கு மாதத்தில் எவ்வளவோ மாறியிருக்கும். அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை. நம் மாவட்டத்தில் விடுமுறை நிறைய வரும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு மூச்சு விட்டுக்கொள்ளவும் நேரம் கிடைக்கும்.

சேர்ப்பது என்று முடிவெடுத்தால், கோடை விடுமுறைக்கு முன்பே, பள்ளி நடக்கிற ஒரு நாளில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வகுப்பறை வாசலில் நின்று பார்க்கட்டும். மணி அடிப்பதைக் கேட்கட்டும். கழிப்பறை எங்கே என்று நீங்களே கூட்டிப்போய்க் காட்டுங்கள், ஒருமுறை உள்ளே போய்வரச் சொல்லுங்கள். பிறகு குழாயடிக்கு அழைத்துப் போங்கள். எட்டுகிறதா, திருகத் தெரிகிறதா, குடித்துவிட்டு மூடுகிறதா என்று அருகில் நின்று பாருங்கள்.